மெமரி கார்டுக்கு எந்த ஃபார்மேட்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நண்பர் ஒருவர் கேமரா கார்டும் கையுமாக வந்தார். லேப்டாப்பில் இருக்கும் ஒரு வீடியோவை அதில் ஏற்ற வேண்டுமாம். வீடியோ 5.2 ஜிபி. கார்டு 32 ஜிபி, அதில் 21 ஜிபி காலி. இழுத்துப் போட்டால் ‘ஃபைல் மிகப் பெரியது’ என்று கணினி மறுக்கிறது. இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பழைய படங்களை ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார். என்னிடம் காட்டியபோது 26 ஜிபி காலியாக இருந்தது. அப்போதும் ஏறவில்லை. கார்டை மொத்தமாகத் துடைத்து வைத்திருந்தாலும் ஏறியிருக்காது. ஏனென்றால் அந்தக் கார்டு ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தது. அதில் 4 ஜிபியைத் தொடும் ஃபைல் எதுவும் நுழையாது.

அழித்த படங்களில் பாதிக்கு அவரிடம் வேறு நகல் இல்லை. ஃபார்மேட் பற்றி இரண்டு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் அவை பிழைத்திருக்கும்.

பதிவேடு என்று நினைத்துக்கொள்ளுங்கள்

ஒரு படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கார்டில் உள்ள சிப்புக்குத் தெரியாது. அதற்கு எல்லாமே ஒன்றும் பூஜ்யமும்தான். எந்த ஃபைலுக்கு என்ன பெயர், எவ்வளவு பெரிது, எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்ற கணக்கை ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கிறார்கள். அந்தப் பதிவேட்டை எழுதும் முறைதான் ஃபைல் சிஸ்டம். ஃபார்மேட் செய்வது என்றால் பழைய பதிவேட்டை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறப்பது.

எழுதும் முறைகள் பல. ஒரு முறையில் எழுதியதை அந்த முறை தெரிந்த சாதனம்தான் படிக்கும். தெரியாத சாதனம் ‘கார்டு பழுது’ என்று சொல்லும், அல்லது ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று பணிவாகக் கேட்கும். கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இந்தக் கேள்விக்குக் கட்டுரையின் முடிவில் மறுபடி வருகிறேன்.

ஃபேட்32இன் 4 ஜிபி எல்லைக்குக் காரணமும் இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. படிவங்களில் எண் எழுத இத்தனை கட்டம் என்று அச்சடித்திருப்பார்களே, அதுபோல ஒவ்வொரு ஃபைலின் அளவையும் எழுத ஃபேட்32 ஒதுக்கியிருக்கும் இடம் 32 பிட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அத்தனை பைட்டுக்கு மேல் ஒரு பைட் கூடினாலும் எழுதக் கட்டம் இல்லை. 1996இல் விண்டோஸ் 95இன் திருத்திய பதிப்போடு இது வந்தபோது, ஒரே ஃபைல் 4 ஜிபி இருக்கும் என்று சொன்னால் சிரித்திருப்பார்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

‘எது சிறந்த ஃபார்மேட்?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் கிடையாது. உங்கள் கார்டு எந்தெந்தச் சாதனத்துக்குள் போகப்போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கேமரா, போன், லேப்டாப், டிவி, கார் ஸ்டீரியோ, போட்டோ ஃபிரேம், எதுவானாலும் சரி. அந்தப் பட்டியலில் மிகப் பழையது, மிகக் குறைவாகத் தெரிந்தது எதுவோ அதுதான் முடிவெடுக்கும். லேப்டாப்புக்கு எல்லாம் தெரியும்; கார் ஸ்டீரியோவுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும் என்றால், ஸ்டீரியோ சொல்வதுதான் சட்டம்.

சந்தேகம் வந்தால் அந்தச் சாதனத்தின் கையேட்டில் ‘எந்தக் கார்டு ஏற்கும்’ என்ற பக்கத்தைப் பாருங்கள். யாருமே படிக்காத பக்கம் அது. பெரும்பாலும் ஒரு வரியில் பதில் இருக்கும்.

ஆட்டத்தில் இருப்பவை

ஃபேட்32. ஏறக்குறைய எல்லாச் சாதனங்களுக்கும் தெரிந்த பொதுமொழி. பழைய கேமரா, எம்பி3 பிளேயர், பிரிண்டர், கார் ஸ்டீரியோ என்று எங்கே செருகினாலும் வேலை செய்ய வாய்ப்பு அதிகம். பாட்டு, படம், ஆவணம் மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இது போதும். வீடியோ என்று வந்தால்தான் சிக்கல். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 12.5 எம்பி சேர்கிறது. 5 நிமிடம் 43 நொடியில் எல்லையைத் தொட்டுவிடும். கேமராக்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பதால் அந்த இடத்தில் ஃபைலை வெட்டி அடுத்த ஃபைலைத் தொடங்கும். ஒரு மணி நேர நிகழ்ச்சி பத்துப் பதினொரு துண்டுகளாக வந்து சேரும். இழப்பு ஒன்றும் இல்லை, எடிட்டிங்கில் ஒட்டிக்கொள்ளலாம். எரிச்சல்தான்.

எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2006இல் கொண்டுவந்தது, ஃபிளாஷ் நினைவகத்துக்கென்றே. ஃபைல் அளவை எழுத 64 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த எல்லையைத் தொடும் ஃபைலை நீங்களோ நானோ பார்க்கப்போவதில்லை. இன்னொரு நல்ல விஷயமும் உண்டு: ஒரு ஃபைல் இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக அமர்ந்திருந்தால், ‘அடுத்த துண்டு எங்கே’ என்ற சங்கிலியை எழுதாமலே விட்டுவிடும். வீடியோ பதிவுக்கு இது சுகம். விண்டோஸ், மேக் இரண்டும் வெகுகாலமாகப் படித்து எழுதுகின்றன. லினக்ஸ்தான் உரிமச் சிக்கலால் ஒதுங்கி நின்றது. 2019 ஆகஸ்ட்டில் மைக்ரோசாஃப்ட் இதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு அங்கேயும் கெர்னல் எனப்படும் மையப் பகுதிக்குள் வந்துவிட்டது. இன்று புதிதாகக் கார்டு வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு என் பதில் இதுதான்.

எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை உண்டு. அதில் பதிவேட்டின் பிரதி வழக்கமாக ஒன்றுதான். ஃபேட்32 இரண்டு பிரதி வைத்திருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்கினால் பதிவேடு பாதியில் நிற்கும். ‘எஜெக்ட்’ கொடுத்துவிட்டு எடுப்பது எல்லா ஃபார்மேட்டுக்கும் நல்லது, இதற்குக் கட்டாயம்.

என்டிஎஃப்எஸ். விண்டோஸின் உள்வட்டுக்கு உரியது. பதிவேட்டில் செய்யும் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைத்துவிட்டுச் செய்யும், அதனால் மின்சாரம் போனாலும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேமராக்கள் இதைக் கண்டுகொள்ளாது, மேக் படிக்குமே தவிர எழுதாது. கார்டை ஒரு விண்டோஸ் கணினியிலேயே நிரந்தரமாகச் செருகி வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் தவிர இதை விட்டுவிடுங்கள்.

இஎக்ஸ்டி4. லினக்ஸ்காரர்களின் வீடு. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளில் கார்டே வட்டாக இருக்கும்போது இதுதான் பொருத்தம். யார் எந்த ஃபைலைத் திறக்கலாம் என்ற அனுமதிகளை வைத்திருக்க வேண்டுமே, அது ஃபேட்32க்கும் எக்ஸ்ஃபேட்டுக்கும் தெரியாது. ஆனால் விண்டோஸில் செருகினால் அந்தப் பணிவான கேள்வி வந்து நிற்கும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு, இதை வேறெங்கும் யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் மூன்றிலும் ஃபைல் பெயரில் 255 குறிகள்வரை வைக்கலாம். இஎக்ஸ்டி4இல் எல்லை 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ஆக 85 குறிதான். அதிலும் ‘கி’ என்பது ‘க’வும் இகரக் குறியுமாக இரண்டு. ஒரு பேச்சின் தலைப்பு, பேசியவர் பெயர், நாள் எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. லினக்ஸுக்கு நகலெடுத்தபோது ஏழெட்டு ஃபைல்கள் ‘பெயர் மிக நீளம்’ என்று நின்றுவிட்டன. எண்ணிப் பார்த்தால் நாற்பது எழுத்துதான் இருக்கும் போலத் தோன்றும். குறிகளாக எண்ணினால் தொண்ணூறு.

எதிர்ப்பக்கமும் உண்டு. லினக்ஸில் ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் வைக்கலாம். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் கார்டுக்கு அவை ஆகாது. நகலெடுக்கும் முன் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

கார்டின் முகத்தில் எழுதியிருப்பது

கார்டை எடுத்துச் சின்ன எழுத்துகளைப் பாருங்கள். எஸ்டிஹெச்சி என்று இருந்தால் 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை. விதிப்படி அதன் ஃபார்மேட் ஃபேட்32. எஸ்டிஎக்ஸ்சி என்றால் 32 ஜிபிக்கு மேல் 2 டிபி வரை; விதிப்படி எக்ஸ்ஃபேட். அதற்கும் மேலே எஸ்டியுசி, அதுவும் எக்ஸ்ஃபேட்தான். வெறும் எஸ்டி என்று மட்டும் இருந்தால் 2 ஜிபி வரையுள்ள பழைய கார்டு, ஃபேட்16 காலத்தது.

அதாவது கடையிலிருந்து வரும்போதே கார்டு தனக்குரிய ஃபார்மேட்டில்தான் வருகிறது. எந்தப் பழைய சாதனமும் உங்கள் பட்டியலில் இல்லையென்றால் அதை மாற்றவே வேண்டாம்.

64 ஜிபி கார்டை வாங்கி, ஃபேட்32 மட்டுமே தெரிந்த சாதனத்தில் போட நேர்ந்தால் என்ன செய்வது? மாற்றி ஃபார்மேட் செய்யலாம். ஃபேட்32க்கு 32 ஜிபிதான் எல்லை என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மையில் அது 2 டிபி வரை போகும். விண்டோஸின் ஃபார்மேட் பெட்டிதான் நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேல் அந்தப் பெயரைப் பட்டியலில் காட்டாமல் இருந்தது. நம்பிக்கை அங்கிருந்து வந்தது. லினக்ஸிலோ மேக்கிலோ செய்துகொள்ளலாம். ஆனால் சாதனம் எஸ்டிஹெச்சி வரைதான் ஏற்கும் என்று கையேடு சொன்னால் ஃபார்மேட்டை மாற்றி அதிர்ஷ்டத்தைச் சோதிப்பதைவிட 32 ஜிபி கார்டு ஒன்றை வாங்கிவிடுவது நிம்மதி.

64 ஜிபி கார்டு கணினியில் 59.6 என்று காட்டினால் பயப்படாதீர்கள். தயாரிப்பாளர் ஜிபியை ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. யாரும் எதையும் திருடவில்லை.

ஃபார்மேட் செய்யும் முன்

கார்டில் உள்ளதை வேறிடத்துக்கு நகலெடுங்கள். எடுத்த நகலில் நாலைந்து ஃபைலையாவது திறந்து பாருங்கள், குறிப்பாகப் பெரிய வீடியோ ஒன்றை. நகல் முடிந்தது என்று கணினி சொல்வதும் ஃபைல் முழுதாக வந்திருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

உருவில் பெரிய (மைக்ரோ அல்லாத) எஸ்டி கார்டின் இடது விளிம்பில் ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கும். அது கீழே இறங்கியிருந்தால் கார்டு பூட்டியிருக்கிறது என்று பொருள், எழுதவும் முடியாது, ஃபார்மேட்டும் ஆகாது. பாதிப்பேர் இதைக் கண்டுபிடிக்கும் முன் கார்டு ரீடரை மாற்றிவிடுகிறார்கள்.

அடுத்தது, கணினியில் செருகியிருக்கும் மற்ற பென் டிரைவ், வெளி வட்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தப்பான டிரைவை ஃபார்மேட் செய்வது அனுபவசாலிகளுக்கும் நடக்கிற விபத்து. கார்டைத் தவிர வேறொன்றும் செருகியிருக்காவிட்டால் தப்பு நடக்க இடம் குறைவு.

ஃபார்மேட் செய்யும் முறை

கார்டு கேமராவுக்கு என்றால் கேமராவிலேயே செய்யுங்கள். மெனுவில் ஃபார்மேட் என்று இருக்கும். தனக்கு வேண்டிய முறையையும் ஃபோல்டர்களையும் அதுவே போட்டுக்கொள்ளும். கணினியில் செய்து கொண்டுபோய் ‘கார்டு பிழை’ வாங்குவதைவிட இது எளிது. டிரோன், டேஷ்கேம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பல சாதனங்களுக்குப் பொதுவான கார்டு என்றால் கணினிதான். விண்டோஸில் ‘திஸ் பிசி’க்குள் போய்க் கார்டின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஃபார்மேட்’ என்பதைத் திறங்கள். முதலில் மேலே உள்ள கொள்ளளவைப் பாருங்கள். அது உங்கள் கார்டின் அளவோடு ஒத்துப்போகிறதா? போனால்தான் அடுத்த அடி. ‘ஃபைல் சிஸ்டம்’ பட்டியலில் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32. ‘அலகேஷன் யூனிட் சைஸ்’ என்ற இடத்தில் அது தானாகப் போட்டிருப்பதையே விட்டுவிடுங்கள்.

அந்த வரி என்னவென்று தெரிந்துகொள்ள விரும்பினால்: கார்டில் இடம் கட்டம் கட்டமாகத்தான் ஒதுக்கப்படும், ஒரு கட்டத்தில் இரண்டு ஃபைல் குடியிருக்க முடியாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட எக்ஸ்ஃபேட் கார்டில் விண்டோஸ் போடும் கட்டம் 128 கேபி. 2 கேபி உள்ள குறிப்பு ஃபைலும் ஒரு முழுக் கட்டத்தை எடுத்துக்கொள்ளும். அப்படிப் பத்தாயிரம் குறிப்புகள் வைத்தால், உள்ளடக்கம் 20 எம்பிதான், கார்டில் போவது சுமார் 1.2 ஜிபி. படமும் வீடியோவும் வைப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. குட்டி ஃபைல்கள் குவியலாக இருந்தால் ஒரே ஜிப் ஃபைலாகச் சுருட்டி வையுங்கள்.

‘குவிக் ஃபார்மேட்’ என்ற பெட்டியில் டிக் இருந்தால் பதிவேடு மட்டும் புதிதாகும், சில நொடியில் முடியும். பழைய தரவு அங்கேயேதான் கிடக்கும். டிக்கை எடுத்துவிட்டால் கார்டு முழுவதும் பூஜ்யம் எழுதப்படும், நேரம் பிடிக்கும். அன்றாடத்துக்குக் குவிக் போதும். கார்டை வேறொருவருக்குக் கொடுக்கும்போதும், கார்டின் மேல் சந்தேகம் இருக்கும்போதும் முழு ஃபார்மேட்.

மேக்கில் ‘டிஸ்க் யுடிலிட்டி’. இங்கே ஒரு பொறி உண்டு. ‘வியூ’ மெனுவில் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, இடதுபக்கம் கார்டின் மேல்வரியைச் சொடுக்கி, பிறகு ‘இரேஸ்’ கொடுங்கள். அப்போதுதான் ‘ஸ்கீம்’ என்ற வரி தெரியும். அதில் ‘மாஸ்டர் பூட் ரெக்கார்டு’ என்று வையுங்கள். ‘ஜியுஐடி’ என்று விட்டால் மேக்கில் அழகாகத் திறக்கும் கார்டைப் பல கேமராக்களும் டிவிக்களும் திரும்பிக்கூடப் பார்க்காது. ஃபார்மேட் பட்டியலில் ஃபேட்32ஐ அதன் பெயரில் தேடாதீர்கள், ‘எம்எஸ்-டாஸ் ஃபேட்’ என்று இருக்கும்.

லினக்ஸில் ‘டிஸ்க்ஸ்’ அல்லது ‘ஜிபார்ட்டட்’ போதும்.

இவை எதுவும் பிடிக்கவில்லையென்றால் எஸ்டி கார்டுகளுக்கு விதிகளை வகுக்கும் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் ‘எஸ்டி மெமரி கார்டு ஃபார்மேட்டர்’ இருக்கிறது. கார்டின் அளவைப் பார்த்து விதிப்படி உரிய முறையைத் தானே போடும். புதியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். குறிப்பாக, முன்பு ராஸ்பெர்ரி பையில் இருந்த கார்டை விண்டோஸில் செருகியதும் 32 ஜிபி கார்டு சில நூறு எம்பி என்று காட்டும். கார்டு இரண்டாகப் பிரிந்திருக்கிறது, விண்டோஸுக்குச் சின்னத் துண்டு மட்டும் புரிகிறது. ரைட் கிளிக்கில் ஃபார்மேட் செய்தால் அந்தத் துண்டுதான் ஃபார்மேட் ஆகும். இந்த ஃபார்மேட்டர் பிரிவினைகளை நீக்கிக் கார்டை முழுதாக மீட்டுத் தரும்.

ஆண்ட்ராய்டு போனில் செருகுபவர்கள் கவனிக்க: சில போன்கள் கார்டைப் போனின் உள் சேமிப்பகமாக ஆக்கவா என்று கேட்கும். ஆண்ட்ராய்டு 6 முதல் வந்த வசதி. சம்மதித்தால் கார்டு பூட்டுச் சாவியோடு ஃபார்மேட் ஆகும், சாவி அந்தப் போனுக்குள் மட்டும் இருக்கும். போன் உடைந்தால் கார்டில் உள்ளது எங்கேயும் திறக்காது. படங்களுக்காகக் கார்டு போடுகிறீர்கள் என்றால், கழற்றி மாற்றக்கூடிய சேமிப்பகம் என்ற மற்ற வழியையே தேர்ந்தெடுங்கள்.

‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால்

நேற்றுவரை வேலை செய்த கார்டைச் செருகியதும் இந்தக் கேள்வி வந்தால் ‘கேன்சல்’. வேறு ரீடரில், வேறு கணினியில், அந்தக் கார்டு கடைசியாக இருந்த சாதனத்தில் போட்டுப் பாருங்கள். பாதி நேரம் ரீடரின் கோளாறாகவோ, அந்தக் கணினிக்குத் தெரியாத ஃபார்மேட்டாகவோதான் இருக்கும்.

கை தவறி ஃபார்மேட் செய்துவிட்டீர்களா? அது குவிக் ஃபார்மேட் என்றால் இன்னும் வழி இருக்கிறது. அந்த நொடியிலிருந்து கார்டில் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் பதிவேட்டைப் பார்க்காமல் கார்டைக் கட்டம் கட்டமாகத் துழாவிப் படங்களை எடுக்கும். பெயர்கள் திரும்பி வராது, படங்கள் வரும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காமல் கணினியில் சேமியுங்கள். என் நண்பரின் படங்களிலும் பெரும்பகுதி இப்படித்தான் திரும்பி வந்தது. அழித்த பிறகு அவர் அந்தக் கார்டில் எதையும் எழுதியிருக்கவில்லை, வீடியோதான் ஏறவில்லையே!

கடைசி வேலை

ஃபார்மேட் முடிந்ததும் உங்களிடம் உள்ள மிகப் பெரிய ஃபைலைக் கார்டில் ஏற்றி, எஜெக்ட் கொடுத்து எடுத்து, பட்டியலில் இருந்த அந்தப் பழைய சாதனத்தில் செருகித் திறந்து பாருங்கள். புதுக் கார்டு என்றால் ஒரு முறை அதை முழுவதும் நிரப்பிப் படித்துப் பார்ப்பது நல்லது. 16 ஜிபி சிப்பை வைத்துக்கொண்டு 128 ஜிபி என்று பொய் சொல்லும் போலிக் கார்டுகள் உண்டு, அவை ஃபார்மேட்டில் பிடிபடாது. விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, மேக்கிலும் லினக்ஸிலும் ‘எஃப்3’ இந்தச் சோதனையைச் செய்யும். இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடலாம்.

கார்டுக்குப் பெயர் வைக்கும் பெட்டியில் பதினோரு எழுத்துதான் கொள்ளும். ஃபேட்32இல் தமிழ் எழுத்து அங்கே ஒத்துவராது, ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். அதே பெயரை கார்டின் மேலும் மார்க்கரால் எழுதிவிட்டால், நாலு கார்டை ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கும்போது எது எக்ஸ்ஃபேட், எது ஃபேட்32 என்று ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டியிருக்காது.